புதுப்பிப்பு: கிட்டார் கழுத்தில் புள்ளிகள் ஒளிர்கின்றன

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மேடை விளக்கைக் குறைத்தால் எந்தக் கட்டம் என்று காட்டும் கிட்டார் கழுத்தின் பக்கப் புள்ளிகள் தெரிவதில்லை, ஒளியைக் கடத்தும் ஃபைபர் நார் வைத்து ஒளிர வைக்கலாமா என்று. வைத்தாயிற்று. நேற்றிரவு வெள்ளவத்தை வீட்டில் எல்லா லைட்டையும் அணைத்துப் பார்த்தேன். 3, 5, 7, 9, 12ஆம் கட்டங்களின் புள்ளிகள் வரிசையாக மின்னின.

"தம்பி, விரல்பலகையை ஒட்டுவதற்கு முன்னமே நாரை ஓட்டிவிடு" என்று ஒரு அண்ணா எழுதியிருந்தார். விரல்பலகை என்பது கழுத்தின் மேல் ஒட்டும், விரல் வைத்து அழுத்தும் பலகை. அதுதான் வழி. கழுத்துக்கட்டையில் டிரஸ் ராடுக்கு (கழுத்து வளையாமல் உள்ளே ஓடும் உலோகக் கம்பி) பக்கத்தில் சின்னக் காடி வெட்டி, நார்கள் எல்லாவற்றையும் அடிப்பக்கம் கொண்டுவந்து ஒரே எல்.ஈ.டி.யின் முகத்தில் கட்டாகச் சேர்த்தேன். 9 வோல்ட் பற்றரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். இரண்டும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கியவை. ஏறக்குறைய 6 மில்லி அம்பியர்தான் இழுக்கும், இருட்டில் அது தாராளம்.

சறுக்கியது பசையில். புள்ளித் துளைகளில் நாரை ஒட்ட முதலில் சுப்பர் க்ளூ விட்டேன். நார் அக்ரிலிக் பிளாஸ்டிக். மறுநாள் பார்த்தால் வெள்ளை பூத்து, மெல்லிய வெடிப்புகள் ஓடி, விரலால் தட்டியதும் பொட்டென்று முறிந்தது. மூன்று துளைகளைத் திரும்பத் துளைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஈபொக்சிப் பசைதான்.

நாரைச் சட்டென்று மடிக்கவும் வேண்டாம், மடிப்பிலேயே வெளிச்சம் கசிந்துவிடும். என் 7ஆவது புள்ளி இன்னும் கொஞ்சம் மங்கல், அந்த வளைவு இறுகிவிட்டது. நுனிகளை 2000 நம்பர் சாண்ட் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகுதான் மற்றவை நன்றாகத் தெளிந்தன.

சனிக்கிழமை இதோடு மேடையேறுகிறேன். அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி.