செவ்வாய்க்கிழமை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா? எங்கள் வீட்டுக் குழுவில் ஓர் இரவு

ரகு சித்தப்பா, இரவு 8:41
(பலமுறை பகிரப்பட்டது) சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இனி கத்தி வேண்டாம்! ஊசி போட்டு ஒளி காட்டினால் கட்டி காணாமல் போகிறது! அனைவருக்கும் பகிரவும்!

ரகு சித்தப்பா, 8:43
அண்ணா, இதைப் படித்ததிலிருந்து மனது கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை உங்களுக்கு நடக்கவிருக்கும் சிறுநீர்ப்பைக் கட்டி ஆபரேஷனை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, இது எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கலாமா?

அம்மா, 8:44
எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மயக்க ஊசி என்றாலே பயமாக இருக்கிறது.

கவிதா, 8:46
தீபா அக்கா, இருக்கிறீர்களா? நீங்கள் யூராலஜி (சிறுநீர்ப் பாதை மருத்துவம்) ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருப்பதால் கேட்கிறேன். இது உண்மையா?

தீபா அக்கா, 9:20
இப்போதுதான் டூட்டி முடிந்தது. சின்ன மாமா, செய்தி முழுப்பொய் இல்லை. பாதியை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள். பெல்-சார் என்று ஒரு மருந்து. அமெரிக்காவில் ஆரா பயோசயின்சஸ் என்ற நிறுவனம் சோதித்து வருகிறது. அதில் வைரஸின் வெளிக்கூடு மாதிரி ஒரு துகள் மட்டும் இருக்கும், நோய் உண்டாக்கும் சரக்கு உள்ளே கிடையாது. அந்தக் கூட்டின்மேல் ஒளிக்கு வேலை செய்யும் சாயத்தை ஒட்டியிருப்பார்கள். குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, கட்டியிலேயே ஊசி போடுவார்கள். கூடு போய்ப் புற்றணுவைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் லேசர் ஒளி. ஒளி படும் வரை சாயம் சும்மா கிடக்கும். பட்டதும் அங்கிருக்கும் ஆக்சிஜனை உசுப்பி, அந்த அணுவின் சவ்வைக் கிழித்துவிடும்.

ரகு சித்தப்பா, 9:22
அப்படியென்றால் நல்லதுதானே தீபா?

தீபா அக்கா, 9:27
நல்லதுதான் மாமா. 2024 அக்டோபரில் முதல் முடிவுகள் வந்தன. வீரியம் குறைந்த வகைக் கட்டி இருந்த 5 பேரில் 4 பேருக்குப் புற்றணு மிஞ்சவில்லை. படித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் மிஞ்சவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? சில நாள் கழித்து வழக்கமான ஆபரேஷனைச் செய்து, எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான். அது ஆபரேஷனுக்கு முந்தைய சிகிச்சையாகத்தான் சோதிக்கப்பட்டது. 'கத்தி வேண்டாம்' என்பது பகிர்ந்தவர்கள் சேர்த்த வரி.

தீபா அக்கா, 9:31
ஒளி வைத்தியம் புதிதும் இல்லை. போட்டோஃப்ரின் என்ற மருந்துக்கு 1993-லேயே கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. அதை ரத்தத்தில் ஏற்றினால் தோலிலும் தங்கிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் வெயில் படாமல் இருக்க வேண்டும். சிலருக்குச் சிறுநீர்ப்பையே சுருங்கிப்போனது. அதனால்தான் இப்போது கட்டிக்கு மட்டும் போடப் பார்க்கிறார்கள்.

வசந்தா அத்தை, 9:33
தீபா, அண்ணனுக்கு என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்.

தீபா அக்கா, 9:38
தள்ளிப்போட வேண்டாம். பெரிய மாமாவுக்குக் கட்டி இருக்கிறது என்பது மட்டும்தான் இப்போது தெரியும். உள்தோலோடு நிற்கிறதா, கீழே தசை வரை இறங்கிவிட்டதா என்பது ஸ்கேனில் உறுதியாகாது. செவ்வாய்க்கிழமை எடுக்கும் சதைதான் அதைச் சொல்லும். அதில் தசைத் துண்டும் வந்திருக்க வேண்டும். கவிதா, ரிப்போர்ட் வந்ததும் அந்த வரியை முதலில் தேடு. மேலோடு நிற்கும் கட்டிக்கு ஒரு வழி, தசைக்குப் போனதற்கு வேறு வழி. அது தெரியாமல் எந்த ஒளியும் காட்ட முடியாது.

தீபா அக்கா, 9:40
மயக்க ஊசிக்குப் பயந்தீர்களே கவிதா அம்மா, வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். பல பேருக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைத்தே செய்துவிடுகிறார்கள்.

கவிதா, 9:42
நாளை டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் அக்கா?

தீபா அக்கா, 9:49
நீல ஒளி கேமரா இருக்கிறதா என்று கேள். ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குழாய் வழியாக ஒரு மருந்தைப் பைக்குள் விட்டு வைப்பார்கள். நீல ஒளியில் பார்த்தால் புற்று இருக்கும் இடம் ரோஜா நிறத்தில் மின்னும். வெள்ளை ஒளியில் கண்ணுக்குத் தப்பும் தட்டையான படலம்கூட அதில் தெரியும். சின்ன மாமா, இதுவும் ஒளிதான், ஆனால் இது கண்டுபிடிக்க, அழிக்க இல்லை. எல்லா இடத்திலும் இருக்காது. இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அப்புறம், ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் பையில் ஒருமுறை கீமோ மருந்து விடுவீர்களா என்று கேள். பெரிய மாமா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறாரே, அதை எப்போது நிறுத்துவது என்பதையும் மறக்காதே. நாமாக நிறுத்தக் கூடாது.

அப்பா, 10:05
எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. முதலில் சிறுநீர் சிவப்பாகப் போனது நான் டாக்டரைப் பார்த்த அன்று இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்பே ஒருநாள் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. மறுநாள் தெளிந்துவிட்டது. சூடு என்று நினைத்து நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அம்மா, 10:06
என்னிடம்கூடச் சொல்லவில்லையே.

தீபா அக்கா, 10:09
பெரிய மாமா, பல பேர் இதையேதான் சொல்கிறார்கள். வலியில்லாமல் வந்து தானாக நின்றுவிடுவதால்தான் ஏமாந்துபோகிறோம். இப்போது வந்துவிட்டீர்கள், அது போதும்.

அப்பா, 10:12
பதினோரு வருஷமாகச் சிகரெட்டைத் தொடவில்லையே தீபா?

தீபா அக்கா, 10:14
விட்டதால் ஆபத்து குறைந்திருக்கிறது மாமா, ஆனால் முழுவதும் போகாது. புகையின் நச்சைச் சிறுநீரகம் வடிகட்டிப் பையில்தான் தேக்கி வைக்கிறது. அதைப் பற்றி இன்றைக்கு யோசிக்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு ஓரிரு நாள் குழாய் இருக்கும், சிவப்பாக வரும், பயப்படாதீர்கள். இந்தக் கட்டி திரும்ப வரும் குணமுள்ளது. அதனால் மூன்றாம் மாதம் கேமரா வைத்துப் பார்ப்பதைத் தவறவே விடக் கூடாது.

ரகு சித்தப்பா, 10:17
அண்ணா, மன்னியுங்கள், குழப்பிவிட்டேன். அந்தச் செய்தியை இன்னும் இரண்டு குழுவில் போட்டிருந்தேன். தீபா எழுதியதை அங்கேயும் போடுகிறேன். செவ்வாய் காலை ஐந்தரைக்கு வண்டியோடு வாசலில் நிற்பேன்.

அப்பா, 10:19
ஐந்தேகாலுக்கு வா ரகு. ஆறு மணிக்கு அட்மிஷன்.