உலக முடிவைப் பேசும் வேதப் பகுதிகள்: வாசித்தவர்களின் அனுபவங்கள்

எனக்கு 12 வயதானபோது, எங்கள் சபைக்கு வந்த ஊழியர் ஒருவர் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை விரித்துவைத்து, உலகம் முடியப்போகும் மாதத்தையே குறித்துச் சொன்னார். அந்த மாதம் முழுவதும் இரவில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். மாதம் கடந்தது, பெரியவர்கள் யாரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. எனக்குள் குடியேறிய அச்சம் மட்டும் விலகவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்தப் புத்தகத்தின் பக்கம் நான் திரும்பவே இல்லை.

பார்வை மங்கிப்போன அம்மா வாசித்துக் காட்டச் சொன்னதால்தான் மீண்டும் திறந்தேன். முதல் அதிகாரத்திலேயே, இதை வாசிக்கிறவனும் கேட்கிறவர்களும் பாக்கியவான்கள் என்று வருகிறது. ஒருவர் உரக்க வாசிக்க, கூடியிருப்போர் கேட்பதற்கென்றே எழுதப்பட்ட மடல் இது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்மு தீவிலிருந்த யோவான், ரோமப் பேரரசின் ஆசியா மாகாணத்தில் இருந்த ஏழு சபைகளுக்கு இதை எழுதினார். முதல் நூற்றாண்டின் இறுதியில், ரோமப் பேரரசன் தொமித்தியான் ஆட்சியில் எழுதப்பட்டது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. ஏழு மலைகள்மேல் அமர்ந்த பாபிலோன் என்பது ரோம் நகரமே என்று அந்தச் சபையாருக்கு யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை. மிருகத்தின் எண்ணாக அதில் வரும் 666ஐயும், எபிரெய எழுத்துகளின் எண்மதிப்பில் ரோமப் பேரரசன் நீரோ சீசரின் பெயராகப் பலர் கணக்கிட்டுக் காட்டுகிறார்கள். இவற்றில் ஒன்றையாவது அந்த ஊழியர் சொல்லியிருந்தால், ஒரு சிறுவனின் எத்தனையோ இரவுகள் அமைதியாகக் கழிந்திருக்கும்.

18ஆம் அதிகாரத்தில் அம்மா என்னை நிறுத்தினார். பாபிலோன் விழுந்தபின், தங்கள் சரக்கை வாங்க ஆளில்லை என்று வணிகர்கள் அழும் இடம் அது. பொன்னில் தொடங்கி, முத்து, மெல்லிய வஸ்திரம், திராட்சரசம், எண்ணெய், கோதுமை, ஆடுமாடு, குதிரை, இரதம் என்று நீளும் அந்தப் பட்டியலின் கடைசியில் அடிமைகளும் மனித உயிர்களும் வருகின்றன. "மனுஷனைக் கடைசியிலா வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்ட அம்மா, அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். அன்று முதல், மிருகங்களையும் எக்காளங்களையும்விட அந்தச் சரக்குப் பட்டியலைத்தான் நான் அந்தப் புத்தகத்தின் மையமாக வாசிக்கிறேன்.

*

மேலே எழுதிய சகோதரர் சொன்ன அந்தச் சரக்குப் பட்டியலின் கடைசி வரி, குர்ஆனின் 81ஆம் அத்தியாயமான தக்வீரை எனக்கு நினைவூட்டியது. சிறுமியாக இருந்தபோதே அதன் 29 வசனங்களையும் ஓசைக்காகவே மனனம் செய்திருந்தேன். சூரியன் சுருட்டப்படும், நட்சத்திரங்கள் உதிரும், மலைகள் பெயர்க்கப்படும், கடல்கள் பொங்கும் என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்த வேகத்தின் நடுவே, உயிரோடு புதைக்கப்பட்ட பெண்குழந்தையிடம், எந்தக் குற்றத்துக்காக அவள் கொல்லப்பட்டாள் என்று கேட்கப்படும் இரு வசனங்கள் இருக்கின்றன.

அவற்றின் பொருளை நான் உண்மையில் கேட்டது, எனக்கு மகள் பிறந்த அன்று, பார்க்க வந்த உறவினர் ஒருவர் "பெண்ணா?" என்று குரல் தாழ்த்திக் கேட்டபோதுதான். கேள்வி புதைத்தவனிடம் அல்ல, வாயே திறக்க முடியாமல் மண்ணுக்குள் போனவளிடம் கேட்கப்படுகிறது. வானமும் கடலும் நிலைகுலைந்த பிறகும் அவளுடைய சாட்சி காத்திருக்கிறது. என் மகளுக்கு மற்றச் சிறிய அத்தியாயங்களை ஓதக் கற்றுக்கொடுத்துவிட்டேன். இதை மட்டும், பொருளோடு சேர்த்துச் சொல்லக்கூடிய வயது அவளுக்கு வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.