கதை முழுசாக நினைவிருக்கிறது, பெயர் மட்டும் வர மாட்டேன் என்கிறது: பழைய அறிவியல் புனைகதை வாசகர்கள் என்ன செய்கிறீர்கள்?

பொன்மலை வாசகர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 66 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அறிவியல் புனைகதை என்றால் எனக்கு உயிர். எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தபோது, கடைக்காரர் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே போய் நிற்பேன். என்னைப் போலவே வந்து நின்ற இரண்டு பேர்தான் இன்று வரை என் நண்பர்கள். அப்புறம் அஸிமோவ், கிளார்க் என்று ஆங்கிலத்தில் எழுதியவர்களையும் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பிடித்து, அட்டை கிழிந்ததை எல்லாம் ஒட்டி, மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொல்வார். அடுத்தவர் கதை, எழுதியவர், வெளிவந்த ஆண்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர் டீக்குக் காசு கொடுக்க வேண்டும். இந்த விளையாட்டில்தான் எங்கள் நட்பே வளர்ந்தது.

இப்போது பெயர்கள் கழன்றுகொண்டே போகின்றன. போன மாதம் அஸிமோவின் ‘ரன்அரவுண்ட்’ பற்றிப் பேச்சு வந்தது. ரோபோவின் மூன்று விதிகளும் முதன்முதலாக வரிசையாகச் சொல்லப்பட்ட கதை, 1942. புதன் கிரகம். அங்கே இருக்கும் இரண்டு மனிதர்கள், செலினியம் என்ற தனிமத்தை ஒரு தடாகத்திலிருந்து எடுத்து வர ஒரு ரோபோவை அனுப்புகிறார்கள். போனது திரும்பவில்லை. கட்டளை சாதாரணமாகச் சொல்லப்பட்டதால், மனிதர் சொன்னதைச் செய் என்ற இரண்டாம் விதியின் இழுப்பு குறைவு. விலை உயர்ந்த ரோபோ என்பதால் தன்னைக் காத்துக்கொள்ளும் மூன்றாம் விதியைக் கூடுதலாக வலுப்படுத்தியிருக்கிறார்கள். தடாகத்துக்குப் பக்கத்தில் ஆபத்து. இரண்டு விதியும் சரிசமமாக இழுக்கும் தூரத்தில் அது வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் அவர்களில் ஒருவர் தன் உயிரையே ஆபத்தில் வைத்து, மனிதருக்குத் தீங்கு வர விடாதே என்ற முதல் விதியைத் தூண்டி அதை வெளியே கொண்டுவருகிறார். இவ்வளவும் தடங்கல் இல்லாமல் சொன்னேன். அந்த இரண்டு மனிதர்களின் பெயர் மட்டும் தொண்டையோடு நின்றுவிட்டது. பாவெல், டோனவன். மறுநாள் பல் தேய்க்கும்போது தானாக வந்தது.

என்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எங்களில் ஒருவர், விளையாட்டில் யாராலும் மடக்க முடியாதவர், இப்போது வருவதையே நிறுத்திவிட்டார். அஸிமோவின் ரோபோ உளவியலாளர் பெயர் அவருக்கு வரவில்லை. சூசன் கால்வின். அந்தப் பெயரை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கூட வந்திருந்த பையன் போனைத் தட்டி உடனே சொல்லிவிட்டான். நண்பர் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரையே பார்த்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் முட்டி வலி என்கிறார்.

கேட்க வேண்டியது இதுதான். பெயர் வராவிட்டால் உடனே போனில் பார்த்துவிடலாமா, அல்லது மூளைக்குப் பயிற்சி என்று முட்டி மோதி யோசிப்பது நல்லதா? இது வயதின் இயல்பா, மருத்துவரிடம் காட்ட வேண்டியதா? அவரை எப்படித் திரும்ப வரவழைப்பது? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்.

பேச்சுப் பயிற்சியாளர்

ஐயா, பக்கவாதம் வந்து பேச்சு தடுமாறியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதனால் இந்த நிலையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதிலே இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வாரினர், ஹம்ஃப்ரீஸ் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு. சொல் வாய் வரைக்கும் வந்து நிற்பவர்களில் சிலரை 10 விநாடியும் சிலரை 30 விநாடியும் யோசிக்க விட்டு, பிறகு விடையைச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது, அதிக நேரம் திணறியவர்கள்தான் அதே சொல்லில் மறுபடியும் அதிகம் திணறினார்கள். திணறும் நேரத்தில் மூளை விடையைப் பழகுவதில்லை, திணறலைத்தான் பழகுகிறது. நீங்கள் சொன்ன கதையில் அந்த ரோபோ சுற்றிச் சுற்றி வந்ததே, ஏறக்குறைய அதேதான். முட்டி மோத வேண்டாம்.

ஆனால் போனில் பார்த்து முடித்துவிடுவதைவிட மேலான வழி ஒன்று உண்டு. பக்கத்தில் இருப்பவர் முதல் அசையை மட்டும் எடுத்துக்கொடுக்கட்டும். “கால்...” என்றால் போதும், மீதி பெரும்பாலும் தானே வந்துவிடும். அப்படித் தானாக வந்த பெயர் அடுத்த தடவையும் சுலபமாக வரும். யாரும் பக்கத்தில் இல்லையா? க, கா, கி என்று எழுத்து எழுத்தாக உதட்டுக்குள் சொல்லிப் பாருங்கள். வந்ததும் வாய்விட்டு இரண்டு மூன்று தரம் சொல்லுங்கள். மனதுக்குள் நினைத்தால் போதாது.

பெயர் மட்டும் ஏன் போகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. மற்ற சொற்களுக்கு அர்த்தம் என்று ஒரு பிடிமானம் உண்டு. ‘செலினியம்’ மறந்தால் அது எதற்குத் தேவைப்பட்டது என்ற பக்கத்திலிருந்து போய் எட்டிவிடலாம். ‘டோனவன்’ என்ற ஒலிக்கு அந்த ஆள்தான் ஒரே முடிச்சு. பல காலம் சொல்லாமல் விட்டால் முடிச்சு தளர்ந்துவிடுகிறது. பர்க், மேக்கே என்பவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் 1991இல் முன்வைத்த விளக்கம் இது. விஷயம் அழியவில்லை, விஷயத்திலிருந்து ஒலிக்குப் போகும் பாதைதான் பலவீனம். உங்கள் நண்பரிடம் இதை முதலில் சொல்லுங்கள். சூசன் கால்வின் யார், என்ன செய்தார் என்று கேட்டால் அவர் ஒரு மணி நேரம் பேசுவார் என்று நினைக்கிறேன்.

ராத்திரி ட்யூட்டி

நான் அரசு மருத்துவமனை செவிலியர். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில்.

பெயர் தாமதமாக வருவது, அப்புறம் தானாக வந்துவிடுவது, இது வயதோடு எல்லோருக்கும் உள்ளது. கவலைப்பட வேண்டியது வேறு: சொன்ன கதையையே அரை மணி நேரத்தில் மறுபடி சொல்வது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, பென்ஷன் கணக்கு, பில் கட்டுவது போன்றவற்றில் புதிதாகக் குழப்பம் வருவது. இதை அவரே கவனிக்க முடியாது. வீட்டில் உள்ளவர்களிடம் தனியாக, மெதுவாகக் கேளுங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு பரிசோதனை நல்லது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு இரண்டுமே நினைவை மந்தமாக்கும், இரண்டுக்கும் மருந்து உண்டு. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். சளிக்கு என்று கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் என்ற மருந்து இருக்கும். தூக்கமும் மறதியும் கொண்டுவரும், வயதானவர்களுக்கு ஆகாது. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், சீட்டு முழுவதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். டீக்கடை இரைச்சலில் பாதி கேட்காமல் போனால் கேள்வியே சரியாக உள்ளே போகாது. நாம் அதை மறதி என்று நினைத்துக்கொள்வோம்.

வெள்ளவத்தை

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் இறக்கும் வரை இங்கேதான் இருந்தார் என்பதால் எங்கள் வீட்டில் அவருடைய புத்தகங்களுக்குத் தனி அலுமாரி. அப்பாவுக்கு 74 வயது. அவருக்கும் உங்கள் நண்பரின் நிலைதான். சிலகாலம் புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழும்பிப் போய்விடுவார்.

மாற்றியது என் மகள். கிளார்க்கின் ‘ராமாவுடன் சந்திப்பு’ என்ன கதை என்று கேட்டாள். அப்பா குசினிக்குப் போய் ஒரு வெறும் பால்மா டின்னை எடுத்துவந்தார். இரண்டு பக்க மூடியும் போட்டது. “இதுதான் ராமா, வேற்று உலகத்து விண்கலம். ஐம்பது கிலோமீட்டர் நீளம். உள்ளே வெறும் கூடு. சுற்றிக்கொண்டே இருக்கிறதால உள்சுவர்தான் தரை. நீ இங்க நின்றால் உன் தலைக்கு மேல, எதிர்ப் பக்கத்தில, இன்னொருத்தர் தலைகீழாக நிற்பார். அவருக்கு நீ தலைகீழ்.” பிறகு டின்னின் நடுவில் ஒரு நீல நாடாவைச் சுற்றி ஒட்டினார். அது கடல். வளையமாக, தலைக்கு மேலாலயும் போகிற கடல். பிள்ளை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ராமாவைப் பார்க்கப் போன மனிதர்களின் கப்பலின் பெயர், தலைவரின் பெயர் ஒன்றும் அவருக்கு வரவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கடல் ஏன் கொட்டாமல் நிற்கிறது என்றுதான் கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒரு கதை. சொல்லப்போவதற்கு முதல் நாள் அப்பாவே புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறார், அதனால் பெயர்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகின்றன. உங்கள் நண்பரைப் போட்டிக்குக் கூப்பிடாதீர்கள், ஐயா. கதை சொல்லக் கூப்பிடுங்கள். அந்தப் போன் வைத்திருந்த பையனுக்கே சொல்லட்டும்.

பழைய பேப்பர்கட்டு

எனக்கு 71. மதுரை. நானும் அந்த விகடன் தலைமுறைதான். ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற பெயர் என் மனதை விட்டுப் போகவே போகாது, நாய்க்குட்டி ரோபோவாக இருந்துகொண்டு புத்தகம் படித்துத் தத்துவம் பேசியதே, அதை எப்படி மறப்பது.

ஒன்று சொல்ல வேண்டும். கிளார்க்கும் சேர்ந்து எழுதிய ‘2001’ படத்தில், விண்கலத்தை நடத்தும் ஹால் என்ற கணினியின் நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும் காட்சி நினைவிருக்கும். கடைசியில் அது ‘டெய்ஸி’ பாட்டைப் பாடும். கிளார்க் அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒரு ஐபிஎம் கணினி அதே பாட்டைப் பாடக் கேட்டிருக்கிறார், அங்கிருந்து வந்தது அது. இளமையில் அந்தக் காட்சியை ஒரு இயந்திரத்தின் தோல்வியாகப் பார்த்தேன். இன்று பார்த்தால் அழுகை வருகிறது. ஹால் மெல்ல மெல்ல மங்குகிறது, தன் முதல் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பாட்டு மட்டும் மிஞ்சுகிறது. உங்கள் நண்பருக்கும் அடியில் அப்படி ஒரு புத்தகம் இருக்கும். முதன்முதலாக எதைப் படித்து இந்தப் பைத்தியம் பிடித்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் தெரியாமல் நிற்பதில்லை.

விளையாட்டையும் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வட்டத்தில் பெயரும் ஆண்டும் கேட்பதை விட்டுவிட்டோம். “அந்த முடிவு நியாயமா?”, “எழுதியவர் கணித்ததில் எது நடந்தது?” என்று கேட்கிறோம். ‘என் இனிய இயந்திரா’ நடப்பதே 2021இல்தான். அந்த வருடத்தைத் தாண்டி வந்துவிட்டோம். அதை வைத்து மட்டும் எங்களுக்குப் பல சாயங்காலங்கள் ஓடின. இன்னும் சண்டை தீரவில்லை.

பொன்மலை வாசகர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. படித்து முடித்ததும் நண்பரின் மனைவிக்குப் போன் செய்தேன். வழி மறப்பது, பணக் குழப்பம் எதுவும் இல்லையாம். பேங்க் வேலை எல்லாம் இன்றும் அவர்தான் பார்க்கிறார். ஆனால் சர்க்கரைக்கு வெகு காலமாக மெட்ஃபார்மின், சாப்பாடு சுத்த சைவம். பி12 இதுவரை பார்த்ததே இல்லை என்றார். இந்த வாரம் பரிசோதனைக்கு நானே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் அவரிடமும் பேசினேன். எதைப் படித்து ஆரம்பித்தீர்கள் என்றுதான் கேட்டேன். ஹெச். ஜி. வெல்ஸின் ‘கால இயந்திரம்’, பள்ளிக்கூட நூலகத்தில், முன்பக்கம் கிழிந்துபோன பிரதி. எழுதியவர் யார் என்றே தெரியாமல் படித்ததாகச் சொன்னார். இத்தனை வருடம் பழகியும் இது எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் பேசினார். முட்டி வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வரும் ஞாயிறு டீக்கடை வேண்டாம், அவர் வீட்டுத் திண்ணையிலேயே கூடுகிறோம். இரைச்சல் இருக்காது. அந்தப் பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன், முதல் அசை எடுத்துக்கொடுப்பது அவன் வேலை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.