மடைக்கல்லில் ஊறிய மசி: களப்பணிக்குப் போகிறவர்களின் அனுபவப் பகிர்வு

கண்மாய்க்கரை, மேலூர்

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய். தண்ணி திறந்துவிடுகிற மடைத்தூண் ரெண்டு, இடது தூணில் பதினொரு வரிக் கல்வெட்டு. அதைத் தாளில் படி எடுக்கப் போயிருந்தோம். பங்குனி கடைசியில் தண்ணி வத்தினால்தான் அடிவரி வெளியே தெரியும். சித்திரை பிறந்தால் மண் அள்ள ஜேசிபி இறங்கிரும். நடுவில் ரெண்டு மூணு ஞாயிற்றுக்கிழமைதான் கையில் இருக்கு.

தென்னைநார் பிரஷ்ஷும் வெறும் தண்ணியும் வைத்துக் கல்லைக் கழுவியாச்சு. மேப்லித்தோ தாளை நனைச்சு ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டித் தட்டிக் காற்றுக்குமிழ் வெளியேத்தியாச்சு. எழுத்துக் குழிக்குள்ள தாள் நல்லா இறங்கியிருந்தது. மணி பத்தரை, வெயில் ஏறி மேல்பாதி காய்ந்து வெளுத்துப்போச்சு. மேல்பாதியைப் பார்த்துட்டு, காய்ந்துவிட்டது என்று முழுத்தாளுக்கும் மசி ஒத்த ஆரம்பிச்சாச்சு. மேலே எழுத்து வெள்ளையாகவும் சுற்றி கறுப்பாகவும் அச்சடிச்ச மாதிரி வந்தது. கீழே மூணு வரியில் மசி பரவிக் குழம்பிப்போச்சு. தாளை உரிச்சுப் பார்த்தால் கல்லிலேயே உள்ளங்கை அகலத்துக்குக் கறை. எண்ணூறு வருஷம் தண்ணிக்குள்ள கிடந்த கல், அதில் நம்ம கறை.

காரணம் ரொம்பச் சாதாரணம். மடைத்தூணின் அடி ஈரமண்ணில் புதைஞ்சிருக்கு. கல் தண்ணியை மேலே இழுத்துக்கிட்டே இருக்கும், தாள் எத்தனை மணிநேரம் ஆனாலும் அடியில் காயாது. ஒரே தாளாகப் போட்டதுதான் தப்பு. ரெண்டாகக் கிழிச்சு, ரெண்டு விரல்கடை மேலே ஏறுகிற மாதிரி ஒட்டி, மேல்தாளை முதலில் முடிச்சிருக்கணும். கீழ்த்தாளை உலர்ந்த பருத்தித் துணியால் ஒத்தியெடுத்து, புறங்கையை வைத்தால் குளிர்ச்சி இருக்கணும், ஆனால் ஈரம் கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் மசி.

இந்த மாதிரிக் கறையை எடுத்தவங்க யாராவது இருந்தால் சொல்லுங்க.


செக்கானூரணி வாசகர்

கறையை எடுக்கிறேன் என்று எலுமிச்சை, ஆசிட், சோப்புத்தூள் எதையும் கொண்டுபோகாதீங்க அண்ணே. கறை இருந்தால் எழுத்து இருக்கும், ஆசிட் பட்டால் ரெண்டும் போகும்.

ஆனால் மசியே எதுக்கு என்பதுதான் என் கேள்வி. நாகமலைக்கு அந்தப் பக்கம், பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து வெட்டின பாறை ஒன்று. முன்னால் போன குழு ஒன்று எழுத்து தெளியட்டும் என்று சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு எழுத்தின் மேலேயும் கோடு இழுத்துவிட்டுப் போட்டோ எடுத்திருக்காங்க. வட்டெழுத்தில் 'ப'வும் 'வ'வும் எவ்வளவு நெருக்கம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாறையில் இருந்தது ஒரு பழைய கீறல். அதையும் சேர்த்துக் கோடு போட்டதில் 'ப' போய் 'வ' வந்து, ஊர்ப் பெயரே மாறிப்போச்சு. அந்தப் போட்டோவைப் பார்த்து வாசிக்கிற யாருக்கும் சந்தேகமே வராது, அவ்வளவு தெளிவு! ராத்திரி பக்கவாட்டில் டார்ச் பிடிச்சப்பதான் கீறலின் ஆழம் வேறே, உளிவெட்டின் ஆழம் வேறே என்று தெரிந்தது.

மைதா தடவுகிறவர்களுக்கும் இதே பதில். வெள்ளை எழுத்து அழகாகத் தெரியும். கழுவினாலும் குழியில் மிச்சம் தங்கும், எறும்பு வரும், மழைக்குப் பின்னால் பாசி அங்கேதான் முதலில் பிடிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கேமராவைத் தாங்கியில் கல்லுக்கு நேர் எதிரே நிறுத்துங்க, அப்புறம் அதைத் தொடாதீங்க. டார்ச்சை மட்டும் நகர்த்தணும். கல்லின் முகத்தை உரசுகிற மாதிரி, சாய்வு பத்திலிருந்து இருபது பாகைக்குள். இடது, வலது, மேல், கீழ் என்று நாலு படம். நேர்க்கோடாக நிற்கிற எழுத்துக் கால்கள் இடவலம் வெளிச்சத்திலும், படுத்த கோடுகள் மேல்கீழ் வெளிச்சத்திலும் தெரியும். ஒரே ஒரு படத்தை நம்பினால் பாதி எழுத்து காணாமல் போகும். ஓரத்தில் அளவுகோல் வையுங்க, நாணயம் வைக்காதீங்க. பகலில் எடுக்கணும் என்றால் ஒரு கறுப்பு வேட்டியோ போர்வையோ கட்டி நிழல் பண்ணிக்குங்க. அதுவும் முடியாவிட்டால் காலை ஏழு மணி, சாயங்காலம் ஐந்து மணி. உச்சி வெயிலில் எடுத்த படத்தை அனுப்பி 'என்ன எழுதியிருக்கு' என்று கேட்கிறவங்களுக்கு என்ன சொல்வது.


உசிலம்பட்டி மேற்கு

தோட்டத்து மூலையில் தீப்பாஞ்சம்மன். ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாங்க, பெண்ணுக்கு உயர்த்தின கை, கையில் வளையல், மேலே சூரியசந்திரர். கணவனோடு தீயில் இறங்கின பெண்ணுக்கு வைக்கிற சதிக்கல் என்பதில் சந்தேகமில்லை. கீழே எழுத்து இருக்கிற மாதிரி தெரியுது, ஆனால் எண்ணெயும் மஞ்சளும் ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருக்கு. குழுவில் வந்த ஒரு தம்பி, கொஞ்சம் கழுவிப் பார்க்கலாமா என்று கேட்டுட்டான்.

விளக்குப் போட வந்த பாட்டி திரும்பிப் பார்த்து, "ஒங்க ஆத்தாவ ரோட்டுல வச்சுக் குளுப்பாட்டுவியாய்யா?" என்றது.

அதோட பேச்சு முடிஞ்சது. ஆனால் அந்தப் பாட்டியே போகிற போக்கில் வழியும் சொல்லிவிட்டது: ஆடியில் படையல் போடுறதுக்கு முதல்நாள் பங்காளி வீட்டுப் பெண்கள் சீயக்காய் போட்டுக் கழுவுவாங்க. புதுச்சேலை சாத்துகிறவரைக்கும் ஒரு மணிநேரம் கல் வெறுமனே இருக்கும். அந்த ஒரு மணிநேரத்துக்குத்தான் போகணும். செருப்பைத் தோட்டத்து வாசலிலேயே விடணும். படமெடுக்க அங்கே மூத்தவர் யாரோ அவரிடம் கேட்கணும். எழுத்து மண்ணுக்குள் இறங்குது என்றால் தோண்டக் கூடாது. எத்தனை வரி தெரியுது, அதுக்குக் கீழே மண் என்று குறிச்சுக்கிட்டு வந்துரணும்.


கண்மாய்க்கரை, மேலூர்

செக்கானூரணி வாசகருக்கு: ராத்திரி டார்ச்சோடு கண்மாய்க்குள் இறங்கிப் பாருங்க, மடைப்பொந்தில் என்னென்ன குடியிருக்கு என்று தெரியும்.

போட்டோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேய்ந்த கருங்கல்லில் பொரிந்த குழியும் எழுத்தும் போட்டோவில் ஒரே மாதிரி நிழல் விழும். தாளைத் தட்டும்போது பிரஷ்ஷுக்கே தெரியும், உளி போன இடத்தில் தாள் வழுக்கிக்கிட்டு இறங்கும், பொரிந்த இடத்தில் பொத்தென்று விழும். நூறு வருஷத்துக்கு முன்னே மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு எடுத்த படிகள் இருக்கிறதால்தான், திருப்பணியில் மணல்பீய்ச்சிச் சிதைஞ்ச எத்தனையோ கல்வெட்டின் வாசகம் இன்றைக்கும் கிடைக்குது. அவங்களிடம் இருந்ததும் தாளும் மசியும்தான்.

மசி தப்பில்லை, பதம்தான் தப்பு. விளக்குக்கரியைக் கருவேலம்பிசின் தண்ணியில் முதல்நாளே ஊற வைக்கணும். பிசின் கூடினால் தாள் கல்லோடு ஒட்டிக்கும், குறைந்தால் கரி கையோடு வரும். மசி ஒத்துகிற துணிப்பந்தை மசியில் முக்கி நேரே தாளில் வைக்கவே கூடாது. ஒரு பலகையில் நாலைந்து தடவை தட்டி, உபரியை இறக்கிவிட்டு, அப்புறம் தாளில். தேய்க்கக் கூடாது, ஒத்தணும். முதல் சுற்று சாம்பல் நிறத்தில்தான் இருக்கணும். மூணு சுற்றில் கறுப்பு ஏறட்டும்.

உரிச்ச உடனே பின்பக்கம் பென்சிலில் ஊர், எந்தத் தூண், எந்த முகம், எந்தத் திசை, தேதி. மை பேனாவில் எழுதினால் முன்பக்கம் ஊறும். வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம் என்று நாலு தாளைச் சுருட்டிக்கிட்டுப் போனவங்களுக்கு எது எந்தத் தூண் என்று கடைசிவரைக்கும் தெரியாது.


திருமங்கலம் சாலை

ரெண்டு பேரும் படி எடுக்கிறதிலேயே நிற்கிறீங்க. வாசிக்கிறதில் நடக்கிற கூத்து வேற.

ஒரு சிவன் கோயில், அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், பாண்டியர் கல்வெட்டு. ஊர்ச் சிறுபுத்தகத்தில் 'இரண்டாம் ஆட்சியாண்டு' என்று அச்சாகியிருக்கு. ஊரே அதை நம்பி, கோயிலுக்கு வயசும் கணக்குப் போட்டாச்சு. 'யாண்டு இரண்டாவதின்' என்று வரி முடியுதே, 'இன்' எதுக்கு வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. அடுத்த கல்லின் தொடக்கத்தில் சிமெண்டுப் பூச்சு. பூச்சு ஒரு ஓரத்தில் தானே உதிர்ந்திருந்த இடத்தில் டார்ச் அடிச்சால் 'எதி' என்று ரெண்டெழுத்து.

எதிர்! பாண்டியர் கல்வெட்டில் இரண்டாவதின் எதிர் பதினாலாவது என்றால் ரெண்டும் பதினாலும் கூட்டிப் பதினாறு. அந்த ஊரில் எதிருக்குப் பின்னால் எந்த எண் என்பது இன்னும் சிமெண்டுக்குள்ளேதான் இருக்கு. ஆக 'இரண்டாம் ஆண்டு' என்பது கண்டிப்பாகத் தப்பு, சரி எது என்று சொல்லவும் வழியில்லை.

ஆட்சியாண்டு மட்டும் கிடைத்தால் அதுவும் பாதிக் கிணறுதான். சடையவர்மன், மாறவர்மன் என்கிற பட்டப்பெயரோடு மாறி மாறி வருவாங்க. அரசன் புகழைப் பாடுகிற தொடக்க வரிகளான மெய்க்கீர்த்தி இருந்தால் ஆளைப் பிடிக்கலாம். 'பூமருவிய திருமடந்தையும்' என்று தொடங்கினால் 1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன். அதுவும் இல்லை என்றால் கிழமை, நட்சத்திரம், திதி வைத்துக் கணிக்கிறவங்களிடம் விடணும். ஆனைமலை நரசிங்கர் குடைவரையில் மாதிரி கலியாண்டு 3871 என்று கல்லே சொல்லி, நாம் கி.பி. 770 என்று எழுதிக்கிற பாக்கியம் எல்லா ஊருக்கும் வாய்க்காது.

புதுசாக வாசிக்கிறவங்க ரெண்டு இடத்தில் மாட்டுவாங்க. நடுக்காலத் தமிழ்க் கல்வெட்டில் துணைக்காலும் 'ர'வும் ஒரே வடிவம், புள்ளியும் கிடையாது, அதனால் பொருளை வைத்துத்தான் பிரிக்கணும். இன்னொன்று எண்கள். ௧ 'க' மாதிரியும், ௪ 'ச' மாதிரியும், ௭ 'எ' மாதிரியும் இருக்கும். நில அளவு வருகிற இடத்தில் திடீரென்று அர்த்தமில்லாத எழுத்து நின்றால் அது எண்ணாக இருக்கும். இருபது மா ஒரு வேலி, மாவில் நாலில் ஒன்று காணி. எண்ணை எழுத்தாக வாசித்து இல்லாத ஊரெல்லாம் கண்டுபிடிச்சிருக்காங்க.

'புதிய கண்டுபிடிப்பு' என்று பத்திரிகைக்குச் சொல்றதுக்கு முன்னால் கல்வெட்டு ஆண்டறிக்கைகளையும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளையும் புரட்டுங்க. பாண்டியருக்கு பதினாலாம் தொகுதி. தேடும்போது இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடக் கூடாது. 1910-க்கு முந்தைய அறிக்கை என்றால் திருப்புவனமும் மதுரை மாவட்டம்தான், 1985 வரைக்கும் திண்டுக்கல்லும் மதுரைதான். ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் அன்றைக்கு எழுதின மாதிரி இருக்கும். ல, ள, ழ எல்லாத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கணும்.


நாகமலை அடிவாரம்

சமணர்மலைக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற குழுக்களுக்கு ஒன்று மட்டும். கீழக்குயில்குடி அய்யனார் கோயில், தாமரைக்குளம் வரைக்கும் எல்லாம் சுகம். சமணச் சிற்பங்கள் இருக்கிற பேச்சிப்பள்ளத்துக்கு ஏறும்போதுதான் தெரியும், தீர்த்தங்கரர் வரிசைக்கு முன்னால் நிற்க இருக்கிற இடம் எவ்வளவு குறுகல் என்று. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஏறினதில் பின்னால் நின்றவன் முன்னால் நின்றவனைத் தள்ள, முன்னால் நின்றவன் கையை ஊன்றின இடம் சிற்பத்துக்குக் கீழே இருக்கிற வட்டெழுத்து. அதில் வியர்வைக் கை ஐந்து விரலோடு பதிஞ்சு, வெயிலில் மெல்ல மெல்ல மறைஞ்சது.

பத்துப் பேருக்கு ஒருத்தர், பத்துப் பத்தாக மேலே. மீதிப் பேருக்குக் கீழே வேலை கொடுத்துடணும், குளத்தை வரையச் சொல்லலாம். செட்டிப்புடவு என்கிற சமணக் குகை மலைக்கு அந்தப் பக்கம், அதை அதே காலையில் சேர்க்காதீங்க. ஒன்பதரைக்கு மேல் பாறை சுடும். மேலே மலைத்தேன் கூடு தொங்குதா என்று முதல்நாளே ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு வரணும். கூடு இருந்தால் சென்ட் அடிச்சுக்கிட்டு வரக் கூடாது, மேலே சத்தம் போடக் கூடாது என்று பள்ளிக்கு முதல்நாளே சொல்லிடுங்க.


அழகர்கோவில் ரோடு

எல்லாரும் எழுத்தையே பேசுறீங்க. எழுத்தில்லாத கல்லை யார் பார்க்கிறது? வயல்வரப்பில் சக்கரம் வெட்டின திருவாழிக்கல் ஒன்று. பெருமாள் கோயில் நிலத்துக்கு எல்லை. ஆர்வமுள்ள இளைஞர்கள் 'பாதுகாக்கிறோம்' என்று டிராக்டரில் ஏற்றிக் கோயில் வாசலில் கொண்டுவந்து சிமெண்டு போட்டு நட்டாச்சு, மாலையும் போட்டாச்சு. எந்த வரப்பு, சக்கரம் எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்று யாரிடமும் குறிப்பில்லை. டிராக்டர் ஓட்டினவர் ரெண்டு இடத்தைக் காட்டுறார்.

எல்லைக்கல்லை நகர்த்தினால் அதன் வேலையே போச்சு. சிவன் கோயில் நிலத்துச் சூலக்கல்லானாலும், சமணப் பள்ளி நிலத்து முக்குடைக்கல்லானாலும் இதே கதைதான். ரோடு போடுறாங்க, எடுத்தே ஆகணும் என்றால் முதலில் போனில் அட்சரேகை தீர்க்கரேகை, நாலு திசையிலிருந்தும் தூரத்துப் படம், கல்லின் முகம் பார்க்கிற திசை, மண்ணுக்கு மேலே எத்தனை அடி, சர்வே எண். இதெல்லாம் எழுதின தாள் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒன்று, தொல்லியல் துறைக்கு ஒன்று. முதுமக்கள் தாழியோ காசோ மண்ணுக்குள்ளிருந்து வந்தால் அது வேறே சட்டம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேலே என்றால் கலெக்டருக்குத் தெரிவிச்சே ஆகணும். குழு அலமாரியில் வைக்கிற பேச்சே கிடையாது.


செக்கானூரணி வாசகர்

மேலூர் அண்ணே, மடைப்பொந்து விஷயம் ஒத்துக்கறேன். பகலில் போர்வை கட்டி எடுங்க. அந்தக் கீழ் மூணு வரிக்கு இப்போதைக்கு அதுதான் வழி, கறை மேலே இன்னொரு தாள் ஒட்டாதீங்க. கறை எத்தனை விரல் அகலம், எந்தெந்த வரி என்று அளந்து படத்தோடு எழுதி வையுங்க. நாளைக்கு வருகிறவன் அதைப் பழங்காலத்துப் பூச்சு என்று நினைச்சுக்குவான்.


கண்மாய்க்கரை, மேலூர்

அளந்தாச்சு. ஒன்பதாம் வரியிலிருந்து பதினொன்று வரைக்கும், நாலு விரல் அகலம். போர்வை கட்டி நாலு வெளிச்சத்திலும் எடுத்ததில் ஒன்பதும் பத்தும் கிடைச்சது, மடை செய்வித்தவன் பெயர் பாதி இருக்கு. பதினொன்று இன்னும் பிடிபடவில்லை.

ஜேசிபி புதன்கிழமை வருதாம். தூணைச் சுற்றி ஆறடிக்கு மண்வெட்டியால் மட்டும் அள்ளச் சொல்லிப் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்திருக்கு. செவ்வாய் காலை ஆறு மணிக்கு வர முடிகிறவங்க வாங்க. நார்ப்பிரஷ் இருக்கு, கயிறும் நாலு கம்பும் வேணும்.