ஜெபத்தில் மௌனம் மட்டுமே: எப்படித் தொடர்வது?

கேள்வி:
ஸ்தோத்திரம். அதிகாலையில் அரை மணி நேரம் ஜெபத்தில் உட்கார்ந்தாலும் சுவரோடு பேசுவது போலிருக்கிறது. துதி வாயில் வருகிறது, மனம் ஒட்டவில்லை. அறிக்கை செய்யாத பாவம் உண்டா என்றும் ஆராய்ந்தாயிற்று. நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாமா? என்னதான் ஜெபிப்பது?

பதில் 1:
பிரதர், துதியை வலிந்து வரவழைக்க வேண்டாம். வேதாகமத்தில் 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் தாவீது நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறார். அங்கேயே நிறுத்தி உங்கள் பாரத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: கடனோ, வேலையோ, பிள்ளையின் சுகவீனமோ, இன்னதென்று சொல்லியே. 3, 4 விண்ணப்பம். அன்றைக்கு ஒரே காரியம் கேளுங்கள். 5, 6 நம்பிக்கை.

பலர் தவறுவது முதல் பகுதியில்தான். முறையிட்டால் அவிசுவாசமாகிவிடுமோ என்று பயந்து நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவிவிடுகிறார்கள். சொல்லாத பாரம் உள்ளேயே கிடக்கிறது, மனம் எப்படி ஒட்டும்? ஐந்தாம் வசனம் வாயில் வரவே மறுத்தால் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. கடைசி வரி வரைக்கும் இருள்தான். ஆனாலும் இரவும் பகலும் கர்த்தரை நோக்கியே கூப்பிடுகிறது. சிலுவையில் இயேசு கதறியதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான்.

பதில் 2:
நான் கத்தோலிக்க வழக்கப்படி சொல்கிறேன். நேரத்தைக் குறைக்காதீர்கள். ஆறுதலற்ற காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது, குறித்த நேரத்துக்குச் சற்று மேலாகவே செபத்தில் இருக்க வேண்டும் என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த விதி. சீக்கிரம் எழுந்துவிடச் சொல்லும் சோதனை அப்போதுதான் பலமாக இருக்கும். அரை மணி என்றால் இரண்டு மூன்று நிமிடம் கூட இருங்கள், போதும்.

இது வெறும் அசட்டையா என்று பார்க்க, 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவியான புனித சிலுவை யோவான் மூன்று அடையாளம் தருகிறார்: இறைக் காரியத்திலும் உலகக் காரியத்திலும் சுவை இல்லை, இறைவனுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்ற ஏக்கம் விடவில்லை, முன்போல் தியானிக்க முயன்றும் முடியவில்லை. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். அசட்டையில் அந்த ஏக்கம் இருக்காது.

கேட்டவர்:
நன்றி. தூக்கமும் கெட்டிருக்கிறது, சாப்பாடும் பிடிக்கவில்லை. இதுவும் அதில் சேர்த்தியா?

பதில் 3:
அதைத் தனியாகப் பாருங்கள், சகோதரரே. முதல் அடையாளம் மனச்சோர்வாலும் வரலாம் என்று சிலுவை யோவானே எச்சரிக்கிறார். 1 இராஜாக்கள் 19-இல், சாகவேண்டும் என்று கோரிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது உபதேசமல்ல. சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் பேசிய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்தான்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரிடம் போங்கள். அதுவரை கூடுதல் நிமிடங்கள் உங்களுக்கு வேண்டாம். காலையும் மாலையும் கர்த்தருடைய ஜெபம் ('எங்கள் பிதாவே') ஒருமுறை போதும். மீதிக்குச் சபையில் நம்பகமான ஒருவரிடம் சொல்லி உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். எலியாவைப்போல் சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.