வேட்டையினம் ஒன்று சேர்வராயனில் இறங்கினால்: கூட வாழலாமா?

மஞ்சவாடிக் கணவாய் (இழையைத் தொடங்கியவர்):
கற்பனைதான், ஆனால் கணக்கோடு பேசுவோம். வேறொரு கோளிலிருந்து 120 பேர் சேர்வராயன் மலையில் இறங்கிவிட்டார்கள். கலம் பழுது, திரும்பிப் போக வழியில்லை. ஆளுக்கு 55 கிலோ எடை. இறைச்சி தவிர வேறெதுவும் செரிக்காது. பேசுவார்கள், எண்ணுவார்கள், ஒப்பந்தம் என்றால் என்னவென்று தெரியும். கையில் ஆயுதம் இல்லை, பல்லும் காலும் போதும். மனிதனும் அவர்களுக்கு இரைதான், ஆனால் மனிதனே வேண்டும் என்று கட்டாயமில்லை. சுடுவதா, அடைப்பதா, கூட வாழ்வதா? "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்ற பதில் இங்கே செல்லாது.

பட்டிக்கணக்கு:
முதலில் சாப்பாடு, அறம் அப்புறம்.

55 கிலோ உடம்பு சும்மா படுத்துக் கிடக்கவே நாளுக்கு 1,400 கிலோகலோரி கேட்கும். எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கும் கிளைபர் சூத்திரம்தான். ஓடியாடும் ஊனுண்ணி என்பதால் மூன்று மடங்கு போடுங்கள், 4,200. ஈரல், குடல், கொழுப்பு சேர்ந்த ஆட்டிறைச்சி கிலோவுக்கு 1,400 தரும் என்று கொண்டால் ஆளுக்கு 3 கிலோ, 120 பேருக்கு 360 கிலோ.

25 கிலோ உயிர் எடை ஆட்டில் தோல், இரைப்பைச் சாணம், பெரிய எலும்பு போகத் தின்னத் தேறுவது 15 கிலோ. ஆக நாளுக்கு 24 ஆடு, வருஷத்துக்கு 8,760. மந்தையில் ஆண்டுக்கு 40 சதவீதம் கழித்தாலும் மந்தை தேயாது என்று வைத்தால் 22,000 உருப்படி வேண்டும். சேலம் கறுப்பாடும் மேச்சேரிச் செம்மறியும் பிறந்த மாவட்டத்துக்கு இது மலைக்கிற எண் இல்லை.

தீவனம்தான் இடிக்கும். பெரிசும் குட்டியுமாகச் சராசரி 3 கிலோ பசுந்தீவனம் என்றால் நாளுக்கு 66 டன். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இறவையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன் வரும் என்று நம்பி முழுக்கப் புல்லையே போட்டால் புரதம் காணாது, குட்டி ஏறாது. மூன்றில் ஒரு பங்கு வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனம் வேண்டும். அதன் மகசூல் 100 டன் அளவுதான். இரண்டும் சேர்த்து 300 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றால் ஆட்டின் விலை ஆண்டுக்கு 8 கோடியே 76 லட்சம். சேலத்து ஈரடுக்கு மேம்பாலத்துக்குச் செலவழித்ததற்கு முன்னால் இது தூசு.

மலையில் அவிழ்த்துவிட்டு வேட்டையாடச் சொல்வது மட்டும் கூடாது. 10,000 கிலோ இரை உயிரோடு இருந்தால்தான் சுமார் 90 கிலோ ஊனுண்ணி பிழைக்கும் என்று கார்போன், கிட்டில்மன் என்ற ஆய்வாளர்கள் 2002-ல் கண்டார்கள். 6,600 கிலோவுக்கு 730 டன் இரை வேண்டும். 600 கிலோக் காட்டெருமையாகப் பார்த்தால் 1,200 தலை. ஏற்காடு வட்டமே 380 சதுர கிலோமீட்டர் சொச்சம், அதிலும் பாதி காப்பித் தோட்டமும் வீடும். சீக்கிரமே காட்டைத் துடைத்துவிட்டு ஊருக்குள் வருவார்கள். பட்டியில் வைத்துச் சோறு போடுவதுதான் வழி, அது கட்டுப்படியும் ஆகும்.

குரும்பப்பட்டி வாசல்:
கணக்கு சரி. வயிறு நிறைந்தால் வேட்டை நின்றுவிடும் என்று அதற்கடியில் ஒன்றை எழுதாமலே நம்பியிருக்கிறீர்களே, அதுதான் தப்பு. பாலும் மீனும் தின்று திண்ணையில் படுத்திருக்கிற பூனை அணிலைக் கண்டால் சும்மா இருக்கிறதா? பசியும் பாய்ச்சலும் மூளையில் ஒரே கம்பி இல்லை. 2017-ல் சுண்டெலிகளின் மூளையில் நடுவண் அமிக்டலா என்ற பகுதியை ஒளியால் தூண்டிப் பார்த்தார்கள். எலிகள் பூச்சியை மட்டுமா பிடித்தன, போட்டுவைத்த குச்சியையும் பாட்டில் மூடியையும் பாய்ந்து கவ்வின.

சிறுத்தை பட்டிக்குள் நுழைந்தால் ஒரே ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றைக்கூட முழுசாகத் தின்னாமல் போவது எதனால்? வெளியே என்றால் ஒன்று விழுந்ததும் மற்றவை ஓடிவிடும், தூண்டுதல் அதோடு அணையும். பட்டிக்குள் ஓட இடமில்லை. கண்முன்னே துள்ளத் துள்ளக் கடி தொடரும். கொழுப்பு என்று ஊரில் திட்டுகிறோம், அது வெறும் இயந்திரம்.

இப்போது ஏற்காட்டை நினைத்துப் பாருங்கள். நவம்பர் கடைசியிலிருந்து காப்பிப் பழம் பறிப்பு. சில்வர் ஓக் நிழலில், இடுப்பளவு செடிக்குள், கீழ்க்கிளைக்கும் சிந்திய பழத்துக்கும் குனிந்து குத்தவைத்து வேலை. நிமிர்ந்த மனிதனை இரையாகப் பார்க்காத மிருகமும் குத்தவைத்தவனைப் பார்க்கும், அந்த உயரத்தில் அவன் ஆடுமாதிரி. விடியலில் பனி, சாயங்காலம் ஐந்தரைக்கே மங்கல். அந்த நேரத்தில் செடிக்குள் என்ன அசைகிறது என்று யாருக்குத் தெரியும்?

பட்டிக்கணக்கு:
வாசலாரே, அந்த எலி ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே எலிகள் கூண்டில் கூட இருந்த மற்ற எலிகளைக் கடிக்கவில்லை. எதைத் தன் இனமாக மூளை கணக்கில் எடுக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பேசத் தெரிந்த இனத்துக்கு அந்தக் கணக்கை மாற்ற முடியாதா?

பட்டி முறைக்கு வருகிறேன். வெட்டிய கறியாக, எலும்பில்லாமல் போடக்கூடாது. வெறும் தசையில் சுண்ணாம்புச் சத்து 1 பங்கு என்றால் பாஸ்பரஸ் 15, 20 பங்கு. எலும்பு நீக்கிய கறி தின்ற புலிக்குட்டிக்குக் கால் வளைவது அதனால்தான். முழு உடலாகப் போட்டால் சுண்ணாம்பும் கிடைக்கும், கிழித்துத் தின்கிற வேலையும் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் தீனி கிடையாது, மிருகக்காட்சிச் சாலைகளில் நடக்கிற வழக்கம்தான். பாய்ச்சலுக்குக் கம்பியில் இழுத்தோடும் தோல் பொம்மை.

மும்பையில் நூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவைச் சுற்றி நகரம் நெருக்கியடிக்கிறது. சிறுத்தை தெருநாயைத் தின்று அங்கேயே வாழவில்லையா? மகாராஷ்டிரத்து ஜுன்னாரில் 2001-லிருந்து சிறுத்தைகளைப் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள், அதன்பிறகுதான் மனிதர் மேல் தாக்குதல் கூடியது. 2011 மத்திய அரசு வழிகாட்டுதல் அந்த இடமாற்றத்துக்கு எதிராகப் பேசுவது அதைப் பார்த்துத்தான். விரட்டுவதைவிடப் பழகுவது உயிர்ச்சேதம் குறைந்த வழி.

குரும்பப்பட்டி வாசல்:
சிறுத்தை நம்மைப் பார்த்தால் விலகும். தலைமுறை தலைமுறையாக நம்மிடம் அடிபட்ட பயம் அது. இவர்களுக்கு அந்தப் பயம் எங்கே? சிறுத்தை நம் ஒப்பந்தத்தைப் படித்து ஓட்டை தேடாது, இவர்கள் தேடுவார்கள். பேசத் தெரியும் என்பதைச் சாதகமாகவே எழுதிக்கொண்டு போகிறீர்கள்.

காப்பிக்கொட்டை 9:
ஒரு குறுக்கீடு. அமினோ அமிலத்துக்கு இடக்கை, வலக்கை என்று கண்ணாடிப் பிம்பம்போல இரண்டு வடிவம் உண்டு. நம் புரதமெல்லாம் இடக்கை அமினோ அமிலம். அவர்கள் உடம்பு வலக்கை வகையாக இருந்தால் 24 ஆட்டைத் தின்றும் பட்டினி கிடந்து சாவார்கள். இழை முடிந்தது.

மஞ்சவாடிக் கணவாய்:
செரிக்கும் என்று விதி போட்டாயிற்று தம்பி. ஆனால் நீங்கள் சொன்னதற்கு மறுபக்கம் உண்டு. நம் இறைச்சி செரிக்கிற உடம்பில் நம் கிருமியும் வாழலாம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கண்டு செத்த மாட்டை அறுத்துப் போட்டால் அவர்களுக்கும் வரலாம், அங்கே உருமாறியது திரும்ப நமக்கு வரலாம். வெளியிலிருந்து வரும் பொருளால் பூமிக்குக் கேடு வராமல் தடுக்க வேண்டும் என்று 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 9-வது பிரிவே சொல்கிறது. தனிமைப்படுத்தும் காலம் வேண்டும், சரி.

உள்ளதைச்சொல்:
எல்லாரும் "அவர்கள்" என்றே எழுதுகிறீர்கள், கவனித்தீர்களா? தமிழில் இந்தக் கேள்விக்கு எழுவாயிலேயே பதில் சொல்லியாக வேண்டும். தொல்காப்பியப்படி உயர்திணை மக்களுக்கு மட்டும். நன்னூல் தேவரையும் நரகரையும் உள்ளே சேர்த்தது. ஆக எல்லையை நகர்த்துவது நமக்குப் புதிதில்லை. நகர்த்தினால் விளைவையும் ஏற்க வேண்டும்.

அஃறிணை என்றால் 1972 வனவிலங்குச் சட்டத்தின் 11-வது பிரிவு பாணியில் போகலாம். மனித உயிருக்கு ஆபத்தா, பிடிக்க முடியாதா, மயக்க முடியாதா, இடம் மாற்ற முடியாதா என்று பார்த்துத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்தில் உத்தரவு போடுவார், சுடுவார்கள். உயர்திணை என்றால் அது நடக்காது. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்பு உரிமை இருக்கிறது, ஆனால் உடனடி ஆபத்து கண்முன் இருக்க வேண்டும். "நாளைக்குக் கடிப்பான்" என்று இன்றைக்குச் சுட்டால் கொலை.

அந்தப் பக்கமும் அப்படியே. பசித்தது, வேறு வழியில்லை, தின்றேன் என்ற வாதம் 1884-லேயே தோற்றுப்போனது. மிக்னனெட் என்ற படகு மூழ்கி, நடுக்கடலில் பட்டினி கிடந்த டட்லியும் ஸ்டீபன்ஸும் 17 வயது ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்று தின்றார்கள். இங்கிலாந்து நீதிமன்றம் கொலை என்றே சொன்னது. மரண தண்டனை ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது, தீர்ப்பு மாறவில்லை. தேவை குற்றத்தைக் கழுவாது. இதை அவர்கள் மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் என் ஓட்டு கூட வாழ்வதற்கு.

நாகலூர் மிளகு:
சட்டம், கலோரி எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. 120 பேரை எங்க வைக்கப் போறீங்கன்னு மட்டும் ஒருத்தரும் வாயத் திறக்கல. மலையில இறங்குனதால மலைக்காரன் தலையில கட்டிடலாம்னு முடிவே பண்ணிட்டீங்க போல. 300 ஏக்கர் இறவைப் புல்லு கீழ சமவெளியில, வேலியும் பல்லும் மேல. காசு வாங்குறது ஒரு ஊரு, காவு குடுக்குறது இன்னொரு ஊரு.

நம்ம பக்கத்துல புலிகுத்திக் கல்லு பாத்திருப்பீங்க. ஈட்டியோட ஒருத்தன், எதுக்க புலி. அவன் யாரு? மாட்டுக்கு, பட்டிக்கு நின்னவன். கல்லு நட்டாங்க, கும்பிட்டாங்க. அவனக் கேட்டா புலியோட நிக்க வெச்சாங்க? இப்பக் கேக்கணும். 2013-ல ஒடிசா நியமகிரியில 12 கிராம சபையக் கூட்டிக் கேட்டாங்க, 12-ம் பாக்சைட் சுரங்கம் வேண்டாம்னு சொல்லிச்சு, அதோட நின்னுச்சு. இதே சேர்வராயன்ல பாக்சைட் வெட்டுனப்ப இந்தக் கேள்வி எந்த அளவுக்கு வந்துச்சுன்னு மலைக்குத் தெரியும். இங்க இருக்குற மலையாளிப் பழங்குடி ஊரு ஒவ்வொண்ணுலயும் சபை கூட்டாம ஒரு கம்பம் ஊனக்கூடாது. வேண்டாம்னா வேண்டாந்தான்.

அப்புறம் இன்னொண்ணு. 24 ஆடு தெனம் எப்படி மேல வரும்? 20 கொண்டை ஊசி வளைவு. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் மழைக்கு மண்ணு சரிஞ்சு ரோடு நின்னுச்சு. குப்பனூர் வழி இருக்குதுன்னு சொல்லுவீங்க. ரெண்டும் சேர்ந்து அடைபட்டா?

பட்டிக்கணக்கு:
அண்ணே, இடத்தைப் பற்றி நான் எழுதாதது தப்புதான். கிராம சபை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ரோட்டுக்கு: மேலே 10 நாள் இருப்பு, 240 ஆடு உயிரோடு. உறைகிடங்கு வேண்டாம். மைனஸ் 18-இல் 3,600 கிலோ வைத்தால் மழையில் நாள்கணக்கில் கரண்ட் போனால் அதுவும் போகும். உயிராடு கரண்ட் கேட்காது.

குரும்பப்பட்டி வாசல்:
ஆட்டுக்கொல்லி நோய் வந்தால்? வெள்ளாடு, செம்மறி இரண்டையும் அடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் கொசுவைவிடச் சின்னக் கடிபூச்சியால் நீலநாக்கு வரும், அது செம்மறியைப் படுக்கவைக்கும். நோய் கண்டால் சந்தை மூடும், ஆடு நடமாட்டம் நிற்கும். உங்கள் 10 நாள் கரைய 10 நாள் போதும். 22,000 உருப்படியை ஒரே இடத்தில் நெருக்கினால் நோய்க்கு வாசலைத் திறந்தே வைத்த மாதிரி.

பட்டிக்கணக்கு:
அதற்குத்தான் ஒரே காலில் நிற்கக்கூடாது. பக்கத்தில் நாமக்கல் இருக்கிறது. முட்டை ஓய்ந்த கோழி ஒன்றரைக் கிலோ, தின்னத் தேறுவது 1.1 கிலோ என்றால் 330 கோழி ஒரு நாள் சாப்பாடு. வாரத்தில் இரண்டு நாள் கோழி, ஒரு நாள் எருமை, ஒரு நாள் பட்டினி, மீதி மூன்று நாள் ஆடு. மந்தை பாதிக்குக் கீழே வந்துவிடும். கோழிக்குப் பறவைக்காய்ச்சல் வந்தால் ஆடு இருக்கும், ஆட்டுக்கு வந்தால் கோழி இருக்கும்.

உள்ளதைச்சொல்:
120 என்பது 120-ஆகவே இருக்குமா? ஆண்டுக்கு 10 சதவீதம் பெருகினால் ஏழாண்டில் 240-ஐ நெருங்கும். அப்போது எத்தனை பிள்ளை பெறலாம் என்று நாம் சொல்லப் போகிறோம். சோறு போடுகிறவன் கருப்பையையும் எண்ணுவது எந்த அறத்தில் சேரும்? உயர்திணை என்று ஒத்துக்கொண்ட பிறகு இந்த நிபந்தனையைப் போட எனக்குக் கை வரவில்லை. போடாமல் விட்டால் ஏற்காடு தாங்காது.

குரும்பப்பட்டி வாசல்:
கை வராத இடத்தில்தான் நான் ஆரம்பத்திலிருந்து நிற்கிறேன். 11-ஆம் நாள் ஆடும் இல்லை, கோழியும் இல்லை. வேலிப் பக்கம் போய் "இன்றைக்கும் இல்லை" என்று சொல்லப்போவது யார்?

நாகலூர் மிளகு:
அந்தக் கேள்விக்குப் பதில் வந்தப்புறம் சபையக் கூட்டலாம். என் பக்கத்துலருந்து ஒண்ணே ஒண்ணு: சாவி எவன் கையிலயோ அவன் வீடு வேலிக்கு நூறு அடிக்குள்ள இருக்கணும். கீழ சேலம் அஸ்தம்பட்டியில உக்காந்துக்கிட்டு போன்ல "திற, பூட்டு"ன்னு சொல்லக்கூடாது. இருப்பு ஆடு 240-க்குத் தண்ணிக் கணக்கு போட்டீங்களா? ஏப்ரல்ல இங்க குடிக்கவே கொடத்தத் தூக்கிட்டு அலையிறாங்க.

பட்டிக்கணக்கு:
போடவில்லை. கோடையில் ஆட்டுக்கு 5 லிட்டர் என்றால் நாளுக்கு 1,200 லிட்டர், தொட்டி கழுவ அதற்கு மேல். அந்த 120 பேருக்கும் குடிதண்ணீர் தனி. மழைநீர்த் தொட்டி வைத்துத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். காவிரித் தண்ணியை லாரியில் ஏற்றுவது என்றால் 20 வளைவும் மறுபடி கணக்கில் வரும்.