‘இண்டிஜீன்’ – தமிழில் என்ன சொல்வது? (நைஜீரியா அத்தியாயம், வெள்ளிக்கிழமை கெடு)

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை அரசியல் அறிவியல் மாணவர்களுக்கான தொகுப்பு ஒன்றில் நைஜீரியா அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். முக்கால்வாசி முடித்துவிட்டேன். ஒரு சொல் மட்டும் நாலு நாளாகப் படுத்துகிறது: இண்டிஜீன். கூடவே அதன் எதிர்ச்சொல்லான செட்லர்.

முதலில் ‘பூர்வகுடி’, ‘குடியேறியவர்’ என்று போட்டுக்கொண்டே போனேன். பத்தாம் பக்கத்தில் இடித்தது. 1999 அரசமைப்பின் 147(3) பிரிவுப்படி மாநிலத்துக்கு ஒருவராவது மத்திய அமைச்சராக வேண்டும்; அவர் அந்த மாநிலத்தின் இண்டிஜீனாக இருக்க வேண்டும். மொத்தம் 36 மாநிலங்கள். ‘அமைச்சர் பூர்வகுடியாக இருக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டு நானே ஒரு தரம் வாய்விட்டுப் படித்தேன். சரிப்படவில்லை.

இதில் வேடிக்கை, இண்டிஜீன் என்றால் யார் என்று அந்த அரசமைப்பே விளக்கவில்லை. 318-ஆம் பிரிவில் ‘ஒரு மாநிலத்தைச் சேர்ந்தவர்’ என்பதற்கு மட்டும் விளக்கம் இருக்கிறது: தாய் தந்தையரில் ஒருவரோ, தாத்தா பாட்டிகளில் ஒருவரோ அம்மாநிலத்தின் தொன்மையான சமூகம் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பிறந்த இடம், வசிக்கும் இடம் பற்றிப் பேச்சே இல்லை. கைகொடுங்கள்.

இராமலிங்கம் எழுதியது:

செல்விக்கு வாழ்த்து. சொல்லைத் தேடி அலைய வேண்டாம், வள்ளுவர் தந்திருக்கிறார். ‘பழங்குடி’. 955-ஆம் குறளைப் பாருங்கள்: கொடுக்கும் பொருள் குறைந்துவிட்டாலும் பழங்குடியில் பிறந்தவர்கள் தம் பண்பிலிருந்து விலகமாட்டார்கள். அங்கே பழங்குடி என்பது தொன்றுதொட்டு ஓரிடத்தில் வேரூன்றி வரும் குடி. உயர்ந்த பொருள். இடையில் அதைத் தாழ்த்தியது நம் அரசாணை மொழி. மீட்டெடுப்போம்.

மாலதி எழுதியது:

ஐயா, மீட்டெடுப்பதற்கு வெள்ளிக்கிழமை போதாது. ‘பழங்குடி அமைச்சர்’ என்று படித்தால் எஸ்.டி. தொகுதியில் நின்று வென்றவர் என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார். ஏற்கெனவே நைஜீரியாவின் பெரிய இனங்களையே நம் நாளிதழ்கள் ‘இக்போ பழங்குடியினர்’, ‘யொரூபா பழங்குடியினர்’ என்று எழுதிப் பழகிவிட்டன. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி, நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் எல்லாம் இருந்தும் பழங்குடி! ஐரோப்பாவில் அதே அளவு மக்கள் இருந்தால் ‘தேசிய இனம்’. செல்வி, அத்தியாயம் முழுக்க இக்போ, யொரூபா, ஹௌசா எல்லோருக்கும் ‘இனம்’ அல்லது ‘தேசிய இனம்’ என்றே போடுங்கள். அங்கே அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதும் அப்படித்தான்.

‘மண்ணின் மைந்தர்’ என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அதுவும் ஆகாது. 2012-இல் நடந்தது இது. இஃபியோமா ஜோம்போ-ஓஃபோ என்ற பெண் நீதிபதி, பிறந்தது அனம்ப்ரா மாநிலக் குடும்பம், கணவர் அபியா மாநிலத்துக்காரர். அபியாவுக்கு உரிய இடத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தேர்வானார். பதவியேற்பு நாளன்று, நீங்கள் அபியாவின் இண்டிஜீன் அல்ல என்று தலைமை நீதிபதி அவருக்கு மட்டும் பதவிப்பிரமாணம் செய்துவைக்க மறுத்துவிட்டார். அந்தத் தலைமை நீதிபதியும் ஒரு பெண், அப்பதவிக்கு வந்த முதல் பெண். பெரிய கூச்சலுக்குப் பிறகுதான் ஜோம்போ-ஓஃபோ பதவியேற்க முடிந்தது. இந்த விவகாரத்தை ‘மைந்தர்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவீர்கள்?

கபீர் எழுதியது:

தாமதமாக வருகிறேன். நான் 1979 முதல் நாலு வருஷம் நைஜீரியாவின் நடுப்பகுதியில் உள்ள ஜோஸ் நகரத்தில் கணக்கு வாத்தியார். அப்போது நம்மூர் வாத்தியார்கள் கப்பல் கப்பலாக, இல்லை, விமானம் விமானமாக, அங்கே போன காலம்.

மாலதி வேண்டாம் என்று சொன்னதையே நான் ஆரம்பிக்கிறேன், மன்னிக்கவும். ‘மண்ணின் மைந்தன்’ அங்கே மூன்று மொழியிலும் இருக்கிறது, மூன்றும் ஒன்றில்லை. ஹௌசாவில் ‘டன் கஸா’: டன் என்றால் மகன், கஸா என்றால் மண், நாடு. ஆனால் அதற்குக் ‘குடிமகன்’ என்றுதான் இன்றைக்குப் பொருள். யொரூபாவில் ‘ஓமோ ஓனிலே’: நிலத்துக்கு உடையவரின் பிள்ளை. லாகோஸில் மனை வாங்கி அஸ்திவாரம் தோண்டினால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள், இது எங்கள் பாட்டன் மண், காசு வை என்று. கூரை போடும்போது மறுபடி வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயரே இப்போது ஓமோ ஓனிலே. இக்போவில் ‘டியாலா’: நிலத்துக்குத் தலைவன், அதாவது அடிமை வழி அல்லாதவன். ஒரு படிமம், ஒன்று குடிமகன், ஒன்று வசூல்காரன், ஒன்று சாதி மாதிரி.

இப்போது ஜோஸ். அது தகரச் சுரங்கத்தால் வந்த ஊர். வெள்ளைக்காரன் சுரங்கம் தோண்ட வடக்கிலிருந்து ஹௌசாக்காரர், கிழக்கிலிருந்து இக்போக்காரர் என்று எல்லோரும் வந்தார்கள். சுற்றிலும் இருந்தவர்கள் பேரோம், அனகுட்டா, அஃபிசேரே. இவர்கள்தான் இண்டிஜீன். மூணு தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்ட ஹௌசாக்காரர் செட்லர். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? ‘ஜசாவா’. ஹௌசாவில் ‘-ஆவா’ என்பது நம் ‘-காரர்’ மாதிரி. வடக்கே உள்ள கானோ நகரத்துக்காரர் கனாவா. ஆக ஜசாவா என்றால் ‘ஜோஸ்காரர்’. தகராறு முழுக்க அந்த விகுதியில் இருக்கிறது. அதனால் ‘ஊர்க்காரர்’ என்று மொழிபெயர்க்கலாம் என்று யாராவது நினைத்தால், நீங்கள் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

என் வகுப்பில் ஒரு பையன். உபகாரச் சம்பள விண்ணப்பத்தில் ‘பூர்வீகம்’ என்ற கட்டத்தில் கானோ என்று எழுதினான். கானோ போயிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை சார், ஜோஸ் என்று எழுதினால் சான்றிதழ் கேட்பார்கள், உள்ளாட்சி அலுவலகத்தில் தரமாட்டார்கள் என்றான். கானோவில் மட்டும் கொடுப்பார்களா? அங்கேயும் எந்தக் கிராமம், எந்தத் தெரு, ஊர்த்தலைவர் யார், அவர் கையெழுத்து எங்கே என்று கேட்பார்கள். விண்ணப்பம் என் மேஜையிலேயே கிடந்தது. பிற்பாடு 2001-இலும் 2008-இலும் 2010-இலும் அந்த ஊர் கலவரத்தில் எரிந்தது உங்களுக்குச் செய்தியாகத் தெரிந்திருக்கும். 2001-இல் தீ பிடித்த காரணங்களில் ஒன்று, வறுமை ஒழிப்புத் திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளராக ஒரு ஹௌசாக்காரரைப் போட்டது.

இராமலிங்கம் எழுதியது:

கபீர் தம்பி அருமை. செட்லருக்குச் சொல் கிடைத்துவிட்டது. ‘வம்பலர்’. பாலைத்திணைப் பாட்டெல்லாம் இவர்கள்தானே நடந்து போகிறார்கள். ‘வம்பு நிலையின்மை’ என்பது தொல்காப்பிய உரியியல். புதிதாக வந்தவர், நிலைத்திராதவர். வம்ப மோரியர் என்று அகநானூறு மௌரியரையே சொல்கிறது. வம்பலர், பழங்குடி: இணை எவ்வளவு அழகு!

சிவநேசன் எழுதியது:

ஐயா, மூன்று தலைமுறையாக இருப்பவரை ‘நிலைத்திராதவர்’ என்பதுதான் பேரோம் அரசியல்வாதிகள் வைக்கும் குற்றச்சாட்டே. அதைக் கலைச்சொல்லாக்கி விட்டால் பிறகு விவாதிக்க என்ன இருக்கிறது? தவிர இன்றைக்கு வம்பு என்றால் வம்புதான்.

‘குடியேற்றவாசி’யும் வேண்டாம். எங்கள் பக்கம், இலங்கையில், குடியேற்றம் என்றவுடன் அரசாங்கம் திட்டம் போட்டுக் கொண்டுவந்து இருத்தியது என்றுதான் காது கேட்கும். ஜோஸுக்குப் போனவர்கள் கூலிக்குப் போனவர்கள். ‘புலம்பெயர்’ என்றால் கனடா, பாரிஸ். அந்தச் சொல்லும் கைவிட்டுப் போய்விட்டது.

இராமலிங்கம் எழுதியது:

பட்டினப்பாலையில் ‘மொழி பல பெருகிய பழி தீர் தேஎத்துப் புலம் பெயர் மாக்கள்’ புகாரிலேயே கலந்து இனிது உறைந்தார்கள். கனடா பிற்பாடு வந்தது.

செல்வி எழுதியது:

கலந்து இனிது உறைந்திருந்தால் எனக்கு இந்த அத்தியாயமே வந்திருக்காது ஐயா.

இடையில் இன்னொன்று. ‘செசெஷன்’ என்பதற்குப் ‘பிரிவினை’ என்று போட்டிருக்கிறேன். 1967 மே 30-இல் கிழக்குப் பகுதியின் ராணுவ ஆளுநர் ஓஜுக்வு அதைப் பயாஃப்ரா என்ற தனி நாடாக அறிவித்த பகுதி. சரியா?

மாலதி எழுதியது:

வேண்டாம். பிரிவினை என்றால் 1947, அதாவது இரண்டாக வெட்டுவது. தவிர ‘பிரிவினைவாதி’ என்பது வசைச்சொல் ஆகிவிட்டது. ‘பிரிந்து செல்லும் உரிமை’ என்று இடதுசாரிகள் காலங்காலமாக எழுதிவருகிறார்கள். ‘பிரிந்துசெல்லல்’ போதும்.

கபீர் எழுதியது:

அதுவே சரி. ஆனால் அத்தியாயத்தில் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: முதலில் பிரிந்துபோக வேண்டும் என்று கத்தியது கிழக்கு இல்லை, வடக்கு. 1966 மே மாதம் வட நகரங்களில் ஊர்வலம் போனவர்களின் கோஷம் ‘அ ரபா’, பிரிப்போம் என்று. ஒரு வருஷத்தில் அதே வடக்கு, நைஜீரியாவை ஒன்றாக வைத்திருக்கப் போருக்குப் போனது. 1970 ஜனவரி வரைக்கும். பயாஃப்ரா அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னால், மே 27-இல், நைஜீரியாவின் ராணுவ ஆட்சியாளர் கோவன் நாட்டை 12 மாநிலங்களாக்கினார். கிழக்கிலேயே இக்போ அல்லாத இஜோ, இபிபியோ, எஃபிக், ஓகோனி மக்களுக்குத் தனி மாநிலங்கள். எண்ணெய்ப் பகுதியில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. இஜோக்காரர்கள் அதற்கு முன்னமே, 1966 பிப்ரவரியில், ஐசக் போரோ தலைமையில் நைஜர் டெல்டா குடியரசு அறிவித்துப் பன்னிரண்டு நாள் தாங்கினார்கள்.

இராமலிங்கம் எழுதியது:

‘ரபா’ பிரிப்பதா? தமிழில் அர், அரி, அறு, அரம், அரிவாள், எல்லாம் பிரிப்பதுதான். ஆப்பிரிக்கத் தொடர்பு பற்றி நான் முன்பே இக்குழுவில்…

கபீர் எழுதியது:

ஐயா, அந்த ‘அ’ ஹௌசா வினையில் முன்னால் வரும் ஒட்டு. வேர் ‘ரபா’ மட்டும். உங்களுக்கு வேறொரு விருந்து தருகிறேன். அதே எண்ணெய்ப் பகுதியில் உள்ள போர்ட் ஹார்கோர்ட் நகரத்துப் பேட்டைகளின் பெயர்: ரூமுஓலா, ரூமுஓகோரோ. இக்வேரே மக்களின் ஊர்கள். இக்போவில் ‘உமு’ என்றால் பிள்ளைகள், வழியினர். போருக்குப் பிறகு நாங்கள் இக்போ இல்லை என்று காட்ட முன்னால் ஒரு ரகரத்தை ஒட்டிக்கொண்டார்கள் என்று இக்போக்காரர் சொல்வார். எங்கள் மொழியில் எப்போதுமே ‘ரூமு’தான் என்று இக்வேரேக்காரர் சொல்வார். போர் முடிந்து திரும்பிவந்த இக்போக்காரர்களின் வீடுகளை ‘கைவிடப்பட்ட சொத்து’ என்று அதே நகரத்தில் எடுத்துக்கொண்டார்கள். அந்த ரகரம் சும்மா வந்ததில்லை.

இராமலிங்கம் எழுதியது:

நாம் ரகரத்துக்கு முன்னால் உகரம் போட்டு உரோமம் என்கிறோம். அவர்கள் உகரத்துக்கு முன்னால் ரகரம் போடுகிறார்கள். தமிழ் மரபுப்படி எழுதினால் உரூமுவோலா. இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கும்.

குழு நெறியாளர்:

நண்பர்களே, செல்விக்கு இன்னும் ஒன்றரை நாள்தான். ஆளுக்கொரு சொல், ஒரு வரி.

மாலதி: பூர்வீகத்தார். கபீர் அண்ணன் அந்தப் பையன் கதையில் தன்னையறியாமல் போட்ட சொல் அது. ‘உங்களுக்குப் பூர்வீகம் எது’ என்று நாம் கேட்பது பிறந்த இடத்தையோ இருக்கும் இடத்தையோ இல்லை. மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கூட ‘பூர்வீகம் சிவகங்கைப் பக்கம்’ என்பார். 318-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. (ஒரு வரிக்கு மேல் போய்விட்டது.)

சிவநேசன்: பூர்வீகத்தார், அரை மனதாக. செட்லருக்குச் சட்டப் பேச்சில் ‘பூர்வீகத்தார் அல்லாதார்’. அரசியல்வாதி வாயிலிருந்து வரும் இடத்தில் மட்டும் மேற்கோள் குறிக்குள் ‘வந்தேறி’. அது வசை என்று வாசகருக்குத் தெரியட்டும்.

கபீர்: ஆமாம், பூர்வீகத்தார். சான்றிதழுக்குப் ‘பூர்வீகச் சான்று’. நம் வட்டாட்சியர் தரும் இருப்பிடச் சான்றோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

இராமலிங்கம்: பூர்வ என்பது வடசொல். மூதூர் இருக்கிறது, எனவே ‘மூதூரார்’. என் எதிர்ப்பைப் பதிவு செய்க.

செல்வி எழுதியது (சனிக்கிழமை):

அனைவருக்கும் நன்றி. பூர்வீகத்தார் என்றே போட்டு நேற்று இரவு அனுப்பிவிட்டேன். ‘அமைச்சர் அம்மாநிலப் பூர்வீகத்தாராக இருத்தல் வேண்டும்’ என்று படித்தபோது யாரும் காட்டிலிருந்து வரவில்லை. ஜோம்போ-ஓஃபோ விவகாரமும் இடிக்காமல் வந்தது.

காலையில் பக்க வடிவமைப்பாளர் கூப்பிட்டார். மாநிலப் பல்கலைக்கழகங்களில் இருதரப்புக்கும் வேறு வேறு கட்டணம் என்று காட்டும் அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் ‘பூர்வீகத்தார் அல்லாதார்’ என்ற தலைப்பு பத்திக்குள் அடங்கவில்லையாம், மூன்று வரியாக மடங்குகிறதாம். சின்னச் சொல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்.

இராமலிங்கம் எழுதியது:

மூதூரார், நான்கு எழுத்து. வம்பலர், ஐந்து எழுத்து. அவரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.